கை நனைத்த சாயங்காலம்

சாயங்காலம் ஐந்து மணி ஆனால் எனக்குக் கால் தரிக்காது. கொக்கிரகுளத்துக் கச்சேரியில் நகல் எழுதும் வேலை. யாரோ யார் மேலோ போட்ட வழக்கைக் காலையிலிருந்து ஓர் எழுத்துப் பிசகாமல் திரும்ப எழுதிக்கொண்டிருப்பவனுக்கு மாலையில் கால் தரித்தால்தான் அதிசயம். மைக்கூட்டை மூடுவேன், துண்டை உதறித் தோளில் போடுவேன், ஆற்றுப் பாலத்தில் ஏறிவிடுவேன். கூட வேலை பார்ப்பவர்கள் வண்ணார்பேட்டைப் படித்துறையில் இறங்கி, கைகால் கழுவி, ஊர்வம்பு பேசிவிட்டு நிதானமாகப் போவார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆறு நாளைக்கும் அங்கேயே ஓடும், வடை நாளைக்கு இருக்குமா?

டவுனுக்குள் நுழைந்ததும் முதலில் காப்பி கிளப். அப்போதுதான் ஊருக்குள் புதிதாக முளைத்த சமாசாரம். எங்களைப் போன்ற சைவக் குடும்பங்களில் கடையில் தின்கிறவன் என்று பேர் வாங்கிவிட்டால் பிறகு பெண் கொடுக்க ஆள் வராது. அதனால் பின்கட்டுப் பெஞ்சில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்பேன். ஒரு வடை, ஒரு கரண்டி சொஜ்ஜி, ஒரு தம்ளர் காப்பி. அடுத்தது பாத்திரக் கடைகள். வெண்கலச் செம்பு, உருளி எதையும் விடமாட்டேன். விரலை மடக்கித் தட்டி நாதம் கேட்பேன். வாங்கவா செய்வேன்? கடைக்காரர் திட்டுவதைக் கேட்டுக்கொண்டே அடுத்த கடைக்குப் போய் அங்கேயும் தட்டுவேன். கோயில் வாசல் மண்டபத்தில் பாட்டுப் புத்தகம் விற்பவர் ராகம் போட்டுப் படிப்பார். கதையில் கொலை விழுகிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டுப் புத்தகத்தை நீட்டுவார். நான் வாங்காமல் மறுநாள் வந்து மிச்சத்தைக் கேட்டுக்கொள்வேன். உள்ளே சாயரட்சை பூஜைக்கு நாகசுரம் வாசிப்பார்கள். அதில் ஒரு பாட்டு. கடைசியில், விளக்கு வைக்கிற நேரத்துக்கு அல்வாக் கடை. இறக்கின சூட்டோடு வாழையிலைத் துண்டில் வைத்துத் தருவார்கள், நெய் மணிக்கட்டுவரை வழியும். எல்லாம் சேர்த்து ஓர் அணாவுக்குள் அடங்கிவிடும். ஜமீன்தாருக்குக்கூட இந்த வாழ்வு கிடையாது என்று சத்தியம் பண்ணுவேன்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னை வளர்த்தவர்கள் அண்ணாச்சியும் மதினியும். நான் ராத்திரிச் சோற்றில் பாதியை ஒதுக்கும்போதெல்லாம் மதினி ஒரு பார்வை பார்ப்பாள். இவன் காலில் சக்கரம் கட்டியிருக்கிறது என்பாள். அந்தச் சக்கரத்தைக் கழற்ற அண்ணாச்சி ஒரு வழி கண்டுபிடித்தார். திசையன்விளையில் ஒரு ஜவுளி வியாபாரி. பெரிய கடை, ஒரே மகள். நான் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போய்க் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திசையன்விளையை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் மனத்துக்குள் திட்டித் தீர்த்தேன். செம்மண் புழுதியும் பனங்காடும் வாரத்துக்கு ஒரு சந்தையும். மற்ற ஆறு நாள் சாயங்காலம் அங்கே மனிதன் என்ன செய்வான், மல்துணியை முழம் போட்டுக்கொண்டிருப்பானா? அந்தப் பெண் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இந்த நாலு வீதியை விட்டுவிட்டுப் போ என்றால் எங்கே போவேன்? அண்ணாச்சி அந்த மனிதரைப் பற்றி என்னென்னவோ விவரம் சொன்னார். ஒன்றும் காதில் ஏறவில்லை. கால்தான் கிடந்து ஆடிக்கொண்டிருந்தது.

மாட்டேன் என்று அண்ணாச்சி முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. சோறு போட்டு வளர்த்தவர். ஆகவே அந்த மனிதராகவே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். அதற்குத்தான் இரண்டு ராத்திரி படுத்துப் புரண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வில்வண்டியில் வந்து இறங்கினார். ஐம்பதை ஒட்டிய வயது, நெற்றி நிறைய விபூதி, அதிகம் பேசாத வாய். கையோடு கட்டுச்சோறு கொண்டுவந்திருந்தார். எங்கள் பக்கத்து வழக்கம் அது: சம்பந்தம் முடிவாகும்வரை ஒரு வீட்டார் இன்னொரு வீட்டாரிடம் கை நனைக்கக் கூடாது. ஒரு வாய் தின்றுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பின்வாங்கினால் ஊர் காறித் துப்பும். மதினி வைத்த மோரைக்கூட அவர் தொடவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தார். போன இடத்தில் இப்படிக் கட்டுக்கோப்பாக நடக்கிற மனிதர் கடையில் தின்கிற மாப்பிள்ளையைக் கண்டால் அன்றைக்கே வண்டியைப் பூட்டிவிடுவார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

சாயங்காலம் அவர் கோயிலுக்குப் போக வேண்டும் என்றார். என்னைக் கூட்டிப் போகச் சொன்னார் அண்ணாச்சி. இதைவிட வேறென்ன வேண்டும்!

நேரே காப்பி கிளப்புக்குக் கூட்டிப்போனேன். அன்றைக்குப் பின்கட்டுக்குப் போகவில்லை. வாசலுக்கு முதல் பெஞ்சில், தெருவே பார்க்கும்படி உட்கார்ந்தேன். அவர் உள்ளே வரவில்லை. தெருவில் குடையை ஊன்றி நின்றார். இரண்டு வடை, சொஜ்ஜி, மறுபடி ஒரு வடை. கடைக்காரரே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஏப்பம்கூட விட்டேன், வெட்கமில்லாமல். வெளியே வந்தால் மனிதர் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. பாத்திரக் கடையில் தட்டினேன், திட்டு வாங்கினேன். கோயில் வாசலில் கடலைச் சுண்டலை நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டேன். அவர் குடையை ஊன்றியபடி பார்த்துக்கொண்டே நின்றார். சாமி கும்பிட்டபோது மட்டும் வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார். எனக்கோ எரிச்சல் தலைக்கு ஏறிவிட்டது. கல்லுப்பிள்ளையாராட்டம் இந்த மனிதர் எதற்குத்தான் அசைவார்?

வெளியே வந்தபோது ஒன்றைக் கவனித்தேன். கவனித்தேனே தவிர யோசிக்கவில்லை. அல்வாக் கடைக்குத் திரும்புகிற முடுக்குச் சந்தில் எனக்கு முன்னால் அவர் திரும்பிவிட்டார்.

கடையில் அப்போதுதான் புதுப் பாகம் இறக்கியிருந்தார்கள். கூட்டத்தில் முண்டி ஓர் இலை வாங்கிவந்து அவர் முகத்துக்கு முன்னாலேயே பிய்த்துத் தின்றேன். அவர் மூக்கு லேசாக விடைத்தது. வம்புக்குத்தான், வேறு எண்ணமே இல்லை, மிச்சம் இருந்த இலையை அவர் பக்கம் நீட்டினேன். இந்த மனிதர் தொடவா போகிறார் என்ற திமிர்.

அவர் வாங்கிக்கொண்டார். முதலில் சும்மா பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இருந்ததை இரண்டே வாயில் போட்டுக்கொண்டார். கண்ணில் நீர் நின்றது. சூடு என்றுதான் நினைத்தேன். இலையில் ஒட்டியிருந்த நெய்யைக்கூட விரலால் வழித்தார். தான் செய்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. என்னைப் பார்த்தார். எனக்கும் அதே கணம் உறைத்தது. மாப்பிள்ளை வீட்டுக் கையால் வாங்கித் தின்றாயிற்று.

"வேண்டாமுன்னு சொல்லிட்டுப் போகத்தான் வே வந்தேன்" என்றார். "நீரு தெருவெல்லாம் அலையுதீருன்னு கேள்விப்பட்டேன்."

அடப்பாவி மனுஷா என்று இருந்தது. சும்மா வீட்டில் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தால் தானாகவே தப்பியிருப்பேன்! சூழ்ச்சி செய்த என் தலையில் நானே அள்ளிப் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லையே, விட்டுவிடுவோமே என்று மென்று விழுங்கினேன். அவர் தலையை அசைத்தார். தின்றது தின்றதுதான், அதைப் பொய்யாக்க முடியாது என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் மதினி கொடுத்த மோரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. நான் வாசலுக்கும் புறவாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

அவர் முகம் கழுவப் போன சமயம் அண்ணாச்சியிடம் கேட்டேன், அல்வாக் கடை முடுக்கு இவருக்கு எப்படித் தெரியும் என்று. அண்ணாச்சி என்னை ஒரு முறை முறைத்தார். "நான் சொன்னேம்லா லே, நீ எங்க காதுல வாங்குன? அவரும் நம்ம தெருக்காரருதான். இருவத்தஞ்சு வருசத்துக்கு முந்தி அங்கன வீட்டோட மாப்பிள்ளையாப் போனவரு."

மறுநாள் விடிந்ததும் அவர் கிளம்பினார். வண்டிவரை துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன். ராத்திரியெல்லாம் தூங்காத கண் எரிந்தது. அவர் எனக்குத் தைரியம் சொல்லும் பாவனையில் பேசினார். பாளையங்கோட்டைவரை எத்தனையோ தடவை சரக்குக்கு வந்திருக்கிறாராம். ஆற்றைத் தாண்டி டவுனுக்குள் இந்த இருபத்தைந்து வருஷத்தில் ஒரு தடவைகூட வந்ததில்லையாம். வந்தால் திரும்பிப் போக முடியாது என்று பயமாம்.

"ரெண்டு மாசம் கால் அலையும் மாப்பிள" என்றார். "பொறவு நின்னுரும்."

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியாது. அண்ணாச்சி வாசலில் நிற்கிறார் என்பதும் மறந்துவிட்டது.

"உங்களுக்கு நின்னுச்சா மாமா?"

அவர் குடையை வண்டிக்குள் வைத்தார். வண்டியில் ஏறி, சக்கரத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்தார். வண்டிக்காரன் மாட்டைத் தட்டினான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். திசையன்விளைக்குப் போகிறவன் எங்கள் தெருமுனையில் கிழக்கே பாலத்தைப் பார்த்துத் திரும்ப வேண்டும். அந்த வண்டி மேற்கே, ரத வீதிக்குத் திரும்பியது.

எட்டாம் நாள் கடுதாசி வந்தது. முகூர்த்தத்துக்கு நாள் பார்க்கச் சொல்லியிருந்தார். கடைக்கு வேறு ஆள் வைத்துக்கொள்கிறாராம். மகளும் மாப்பிள்ளையும் டவுனிலேயே குடித்தனம் செய்யட்டுமாம். காரணம் ஒன்றும் எழுதவில்லை. அண்ணாச்சி கடுதாசியை மூன்று தரம் படித்துவிட்டு மனிதருக்குப் புத்தி பிசகிவிட்டதா என்றார். நான் உட்கார முடியாமல் எழுந்துவிட்டேன்.

கல்யாணமான பிறகு மாமா மாதம் தவறாமல் வந்தார். வண்டியைவிட்டு இறங்கியதும் ஆசையாய் ஓடிவரும் மகளிடம் நலம் விசாரிப்பார். விசாரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கண் அவள் தலைக்கு மேலாக என்னைத் தேடும். நான் அதற்குள் துண்டை உதறித் தோளில் போட்டிருப்பேன்.