செல்வதாஸின் வலது கை

அருமனை செல்வதாஸ் தன் அண்ணன் சுந்தர்சிங்கிடம் பேசிப் பதினைந்து வருடம் ஆகிறது. எல்லையில் நின்ற அயனி மரத்தை அண்ணன் கேட்காமல் வெட்டி வீட்டுக்குக் கதவு போட்டுவிட்டார், அவ்வளவுதான் விஷயம். அந்தக் கதவை இவர் ஒரு நாள்கூடத் தட்டியதில்லை. இவர்களுடைய அப்பா தன் மச்சினனிடம் பன்னிரண்டு வருடம் பேசாமல் இருந்தவர். அதைத் தாண்டிவிட்டதில் செல்வதாஸுக்கு உள்ளூரப் பெருமை. திருச்சபையில் மதுவிலக்குச் சங்கத் தலைவர் என்பதைவிட, வீம்பு விடாதவர் என்ற பேர்தான் அவருக்கு இனிப்பு.

தங்கை சத்தியபாயின் மகள் ஜெனிலாவுக்குக் கல்யாணம் வந்தது. தாய்மாமன்கள் இரண்டு பேரும் மேடையேறாமல் முடியுமா? ஏறினார்கள். இருபத்து மூன்று பேர் நின்ற குடும்பப் படத்தை போட்டோக்காரன் எட்சன் ஏழு தடவை எடுத்தான். ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தங்கை இவரை ஸ்டுடியோவுக்கு அனுப்பினாள்.

எட்சன் முதலில் இரண்டிரண்டு படமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். செல்வதாஸ் எல்லாவற்றிலும் தன் முகத்தை மட்டும் பார்த்தார். நாலாவதில் மீசை எடுப்பாக இருந்தது.

“நாலு போதும் மக்கா.”

“மத்தவங்களையும் பாத்திருவோம் மாமா. இது புது சாஃப்ட்வேர் ஆக்கும். ஒண்ணுக்க மேல ஒண்ணா அதே இடத்துல நிக்கும். தட்டினா படம் மாறும். வித்தியாசம் உள்ளது மட்டும் அனங்கும், மத்தது அசையாது.”

தட்டினான். மூன்று, நாலு, மூன்று, நாலு. ஜெனிலாவின் கண் மூடித் திறந்தது. கூடவே ஒரு கை சுந்தர்சிங்கின் தோளில் ஏறியது, இறங்கியது.

“அது யாருக்க கை மக்கா?”

எட்சன் பெரிதாக்கினான். விரலில் பச்சைக்கல் மோதிரம். செல்வதாஸ் தன் வலது கையை மெல்ல மடிக்குள் இறக்கினார்.

“கார்ப்பெட் தடுக்கிச்சு. விழாம இருக்கப் பிடிச்சதாக்கும். வேற படம் போடு.”

“மத்த ஆறுலயும் பொண்ணு கண்ணை மூடிட்டாள்லா.”

“அப்பம் கையை அழி.”

அரை மணி நேரத்தில் அழித்தான். பழையதன்மேல் புதியதை வைத்துத் தட்டினான். கை போன படத்தில் செல்வதாஸ் ஒரு பக்கமாகச் சரிந்து, பிடிமானமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

“நான் என்னலே இப்பிடி நிக்கேன்?”

“ரெண்டு பெக் போட்டது போல இருக்கு மாமா.”

ஆல்பம் சபையில் ஒரு வீடு விடாமல் சுற்றும். மதுவிலக்குச் சங்கத் தலைவர் தானே தட்டிப் பார்த்தார். கை வந்தால் தம்பி, கை போனால் குடிகாரன். தம்பி, குடிகாரன். தம்பி, குடிகாரன். பத்துத் தடவையாவது இருக்கும்.

“கை அங்கேயே இருக்கட்டும்,” என்றார் கடைசியில். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

“எனக்க காலுக்குக் கீழ, அந்தக் கார்ப்பெட்டுல ஒரு சுருக்கம் மட்டும் போட்டுரு. பெருசா, எல்லாருக்கும் தெரியணும்.”