பொட்டல் எந்த நிறம்

விசைப்பலகையால் ஒருவன் மண்டையைப் பிளக்க முடியும் என்று எந்த ஆசிரியர் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பிளந்தது. என் வகுப்பில், என் கண் முன்னால், மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய பிரிவேளையில். எழுத்துக் கட்டைகள் தெறித்துத் தரையெங்கும் ஓடின. அடி வாங்கியவன் தலையைத் தடவிப் பார்த்தான். கையில் வந்த ரத்தத்தைச் சட்டையில் துடைத்தான். பிறகு நிதானமாக, அடித்தவனின் குரல்வளையைப் பிடித்தான்.

சண்டைக்குக் காரணம் நான் நடத்திய பாடம்.

ஒத்தக்கடையைத் தாண்டி ஒரு கிராமத்து மேல்நிலைப் பள்ளியில், பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் புவியியல் எடுக்க வந்த தற்காலிக ஆசிரியை நான். நான் குடியிருந்த ஆனையூரிலிருந்து இரண்டு பஸ். எம்.எஸ்சி. முடித்த சூடு அப்போது ஆறியிருக்கவில்லை. கணினி வரைபடம் பற்றிய பாடத்தைச் சத்தமாக வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவது எனக்கு அவமானமாக இருந்தது. ஹைடெக் லேப் சாவியைத் தலைமையாசிரியரிடம் மல்லுக்கட்டி வாங்கினேன்.

“மவுஸப் பிடிக்கத் தெரியாத பிள்ளைகள வச்சு மேப்பு போடப் போறீங்களாக்கும்” என்றார் அவர்.

போட்டோம். என் செல்போனைக் கையில் கொடுத்து, ஊரைச் சுற்றி நடக்கவிட்டேன். ஒவ்வொரு முக்கிலும் நின்று ஒரு புள்ளி. அட்சரேகை, தீர்க்கரேகை. திரும்பி வந்து அந்தப் புள்ளிகளைக் கணினியில் ஏற்றி, கோடு போட்டு இணைத்தால் தெரு ஒரு பலகோணமாகத் திரையில் எழும். முதல் தெரு எழுந்தபோது பையன்கள் விசிலடித்தார்கள். நானும் கை தட்டினேன்.

எல்லாரையும்விட வேகமானவள் கீழத்தெருவிலிருந்து வந்த ஒரு பெண். நான் ஒரு கருவியைக் காட்டி முடிப்பதற்குள் அடுத்த கருவியைத் தட்டியிருப்பாள். நில அளவை டிப்ளமோ படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. லோடு ஆட்டோ ஓட்டும் அவள் அப்பா ஒரு நிபந்தனையோடுதான் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அதை அவளே என்னிடம் சொல்லியிருந்தாள். “பள்ளிக்கூடத்துல ஏதாச்சும் சத்தம் வந்துச்சுன்னா மறுநாளே நூல் மில்லு வேலைக்கு ஆள் எடுக்கிற வேன்ல ஏத்தி விட்ருவேன்னு இருக்காரு மிஸ். அதான் நான் யாருட்டயும் வாயே குடுக்கிறதில்ல.”

அந்தப் பக்கத்துப் பையன்கள் மணிக்கட்டில் நிறக்கயிறு கட்டுவார்கள். மேலத்தெருவுக்கு ஒரு நிறம், கீழத்தெருவுக்கு ஒரு நிறம். கயிற்றைப் பார்த்தால் சாதி தெரியும். தலைமையாசிரியர் தினமும் காலையில் கத்திரிக்கோலோடு வாசலில் நின்று அதையெல்லாம் வெட்டுவார். இது எனக்கும் தெரியும். தெரிந்தே சொன்னேன்: “உங்க தெருவுக்கு உங்களுக்குப் பிடிச்ச கலரைக் குடுங்க.”

மேலத்தெரு மஞ்சளானது. கீழத்தெரு நீலமானது. திரையில் பளிச்சென்று இருக்கிறதே என்றுதான் நான் பார்த்தேன். வாசலில் வெட்டி எறிந்தது மென்பொருளின் வண்ணப் பட்டியல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். நான் பிழை சரிபார்க்கும் கருவியை ஓட்டிக் காட்டினேன். இந்த வேலையில் அது ஓர் அடிப்படை விதி: ஒரே நிலம் இரண்டு பலகோணங்களுக்குள் வரக்கூடாது. வந்தால் அது பிழை. மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம் சிவப்பாக மின்னியது. கண்மாய்க் கரையை ஒட்டிய பொட்டல். இரண்டு தெருக்காரர்களும் தங்களுடையது என்று நினைக்கும் பொட்டல். மஞ்சுவிரட்டுக்கு மேலத்தெருவும், பொங்கல் வைக்கக் கீழத்தெருவும், வேறு வேறு நாளில், ஒருவரை ஒருவர் பார்க்காமல் புழங்கி வந்த இடம்.

“ரெண்டு பேருக்கும் ஒரே இடம் சொந்தமா இருக்க முடியாது. யாராவது ஒருத்தர் கோட்டைப் பின்னால இழுங்க” என்றேன், உற்சாகமாக.

மேலத்தெருவை வரைந்தவன் திரும்பி, கீழத்தெருவை வரைந்த அவளைப் பார்த்தான். “அழி.”

“நான் நடந்து எடுத்த புள்ளி. நீ அழி.”

“பொட்டல்ல உங்களுக்கு என்னடி வேல?”

அவன் அவள் மவுஸைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. பின்வரிசையிலிருந்து அவள் சித்தப்பா மகன் எழுந்து வந்தான். “மாப்ள, கைய எடு. மரியாதையாச் சொல்றேன்.”

“யாருக்குடா யாரு மாப்ள?” என்று கேட்டபடியேதான் இவன் விசைப்பலகையை ஒயரோடு பிடுங்கி அவன் தலையில் இறக்கினான்.

நான் நடுவில் விழுந்து விலக்கினேன். என் கன்னத்தில் யாருடைய முழங்கையோ பட்டு, பல் உதட்டைக் கிழித்தது. இதற்கு நடுவில் ஒருவன் திரையைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். மதியத்துக்குள் அந்தப் போட்டோ இரண்டு தெரு வாட்ஸ்அப் குழுக்களிலும் இருந்தது. ஒன்றில் ‘பொட்டலைக் கம்ப்யூட்டரில் அவன்கள் பேருக்கு மாற்றிவிட்டான்கள்’ என்று. இன்னொன்றிலும் அதே வாக்கியம்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். டீக்கடைக்காரர் என் கையைப் பிடித்துக் கடைக்குள் இழுத்து ஷட்டரை இறக்கினார். “வெளிய தல காட்டாதீக டீச்சர். வாரானுக.” தரைக்கும் ஷட்டருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. குனிந்து பார்த்தேன். பைக் சக்கரங்கள், செருப்புக் கால்கள், தரையில் இழுபடும் அரிவாள் நுனி. ஒரு லோடு ஆட்டோவை மறித்துக் கண்ணாடியை நொறுக்கினார்கள். ஓட்டியவரை வெளியே இழுத்தார்கள். வெட்டு விழும் சத்தம் நான் நினைத்ததைப் போல இல்லை. ஈரத்துணியைக் கல்லில் அடிப்பதைப் போல இருந்தது. விழுந்தவர் முகம் என் பக்கம் திரும்பியபோது, பெற்றோர் கூட்டத்தில் பார்த்த முகம் என்று தெரிந்தது. அவளுடைய அப்பா.

தோளில் வெட்டு. உயிருக்கு ஆபத்தில்லை. மறுநாள் மேலத்தெருவில் ஒரு வைக்கோல் படப்பு எரிந்தது, ஒருவனுக்குக் கை முறிந்தது. பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். ஊருக்குள் போலீஸ் வேன் நின்றது.

பள்ளி திறப்பதற்கு முன் சமாதானக் கூட்டம் லேபிலேயே நடந்தது. இன்ஸ்பெக்டர், தலைமையாசிரியர், இரண்டு தெருப் பெரியவர்கள். கட்டுப்போட்ட தோளோடு அவள் அப்பா, பக்கத்தில் அவள். விசைப்பலகையால் அடித்தவன் வரவில்லை, அவன் எங்கே என்று யாரும் கேட்கவும் இல்லை.

மேலத்தெருப் பெரியவர் பேசினார். “எங்களுக்கு ஒண்ணும் பெரிசா வேணாம் சார். அந்தப் பிள்ள போட்ட கோட்ட அந்தப் பிள்ளையே எங்க முன்னால அழிக்கட்டும். இல்லைன்னா டீசியக் குடுத்து அனுப்புங்க. அம்புட்டுத்தான்.”

“போடச் சொன்னது நான். டீசி எனக்குக் குடுங்க” என்றேன்.

“உங்களுக்கு எங்கிட்டு டீச்சர் டீசி? நீங்களே டெம்பரரி” என்றார் அவர். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். மேசை மேலிருந்த மானிட்டரைத் தூக்கி அந்தச் சிரிப்பின் மேல் போட என் கைகள் துடித்தன. இதை அலங்காரத்துக்காக எழுதவில்லை. மானிட்டரின் எடையைக்கூட மனசு ஒருமுறை தூக்கிப் பார்த்தது.

டீசி என்றால் அவளுக்கு மில் வேன்தான். எல்லாரும் அவள் அப்பாவைப் பார்த்தார்கள். வேனில் ஏற்றுவேன் என்று சொன்ன மனிதர் இப்போது என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: “அழிச்சிட்டுப் படி தாயி. பொட்டல் எங்கயும் போயிறாது.”

அவள் உட்கார்ந்தாள். கோப்பைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் குனிந்து, யாருக்கும் கேட்காமல், “வேண்டாம்மா, எழுந்திரு. கலெக்டர் வரைக்கும் போவோம்” என்றேன்.

அவள் திரும்பவில்லை. “நீங்க பஸ் ஏறி ஆனையூர் போயிருவீங்க மிஸ். நான் இங்கன இருந்து பப்ளிக் எக்ஸாம் எழுதணும்.”

நீலத்தைத் தேர்ந்தெடுத்தாள். நீக்கினாள். மாற்றங்களைச் சேமிக்கவா என்று கணினி கேட்டது. ஆம் என்று தட்டினாள். தெருவே போய்விட்டது, அவள் வீடு, தண்ணீர்த் தொட்டி, அவள் வெயிலில் நடந்து எடுத்த அத்தனை முக்குகளும். பொட்டல் முழு மஞ்சளாக நின்றது. பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

பள்ளி திறந்த அன்று அவள் வந்தாள். சைக்கிளின் இரண்டு டயரையும் யாரோ வழியிலேயே பிளேடால் கிழித்திருந்தார்கள். அதை உருட்டிக்கொண்டு, கண்மாயைச் சுற்றி, தார்ச்சாலை வழியாக வந்து, வியர்வையோடு முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். பின்னால் பையன்கள் மேசையைத் தட்டத் தொடங்கினார்கள். தாளம் ஏறிக்கொண்டே போனது. நான் டஸ்டரை இறுக்கிப் பிடித்தபடி, எவன் மேல் எறிவது என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் பேனா மூடியைக் கழற்றினாள்.

“நேரமாகுது மிஸ். ஆரம்பிங்க.”