சாம்பிராணிக் கூடை

இரண்டாம் வகுப்பு முடிப்பதற்குள் எனக்கு மூன்று முறை நிமோனியா வந்துவிட்டது. சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. ஒவ்வொரு முறையும் பத்து நாள் ஆஸ்பத்திரி, கையில் ஊசி, மூக்கில் ஆக்சிஜன். வகுப்பில் ஜன்னலோர இடத்தை வேறொருத்தி பிடித்துக்கொள்வாளே என்பது என் கவலை. நான் பிழைப்பேனா என்பது வீட்டின் கவலை.

அதில் பெரும்பங்கு அத்தையுடையது. அப்பாவின் அக்கா, எங்களோடேயே இருந்தார். அம்மா வேலைக்குப் போனதால் என்னை வளர்த்தது அவர்தான். தலையில் ஈரம் நின்றால் நெஞ்சில் சளி கட்டும் என்பது அத்தையின் கட்சி. மற்ற வீடுகளில் வெள்ளிக்கிழமை மட்டும் நடப்பது எங்கள் வீட்டில் தினமும் நடந்தது. தலைக்கு ஊற்றி, தணலில் சாம்பிராணி தூவி, மூங்கில் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் என் முடியை விரித்துவிடுவார். காற்று படக்கூடாதென்று கதவு, ஜன்னல் எல்லாம் அடைபடும். நான் இருமினால் இன்னொரு கை சாம்பிராணி விழும். அப்படியொரு பாசம்!

மூன்றாம் முறை அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா துருவித் துருவிக் கேட்டார். "வீட்டுல யாராச்சும் சிகரெட் புடிக்கிறாங்களா? வெறகு அடுப்பா?"

"அய்யோ, அதெல்லாம் இல்லைங்க. கேஸ்தான்" என்றார் அம்மா.

அத்தையின் பெருமையை யாருமே சொல்லவில்லையே என்று எனக்குப் பொறுக்கவில்லை. "எங்க அத்தை தெனம் எனக்குப் புகை போடுவாங்க. ரூம் ஃபுல்லா!"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இது ஒண்ணாலதான் வருதுன்னு சொல்லல. ஆனா இந்த நெஞ்சுக்குப் புகை ஆகவே ஆகாதும்மா. கொசுவத்தியும் வேணாம்."

அன்றே கூடை பரணுக்குப் போனது. அத்தையும் மாறிப்போனார். கோயிலிலிருந்து வந்தவரை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டால், "தள்ளி நில்லுடி, கற்பூரப் புகையில நின்னுட்டு வர்றேன்" என்று விலக்குவார். குளித்து, புடவை மாற்றிய பிறகுதான் தூக்குவார். மொட்டைமாடி வெயிலில் கை ஓயும்வரை என் தலையைத் துவட்டுவார், ஒரு வார்த்தை பேசாமல். கோள் சொன்னதால் அத்தைக்குக் கோபம் என்று முடிவு கட்டி நானும் முறைத்துக்கொண்டு திரிந்தேன். நிமோனியா மறுபடி வரவில்லை.

போன வருஷம் என் மகளுக்குத் தலை துவட்டும்போது மனசு தாங்காமல் அத்தைக்கு ஃபோன் போட்டேன். "நீங்க இல்லன்னா நான் ஏது அத்தை" என்றேன்.

அத்தை சொன்னார்: "நாந்தானேடி ஒன்ன மூணு தடவ ஆஸ்பத்திரியில கெடத்துனேன்."

அத்தைக்குக் கோபம் இருந்தது நிஜம்தான். அது யார்மேல் என்பது எனக்கு ஏழு வயதில் தெரியவில்லை.