வடிவுக்கு அடித்த ஆணி

பீடி சுற்றுகிறவளுக்குக் கை ஓயாது. காதுதான் சும்மா கிடக்கும். சங்கரன்கோவிலில் அந்தக் காதுகளுக்குத் தீனி போட்டவள் மைமூனம்மாள். அவள் வீட்டு வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பெண்கள் தட்டோடு வந்து உட்காருவார்கள். அவர்களில் தடங்கலில்லாமல் வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வாரப் பத்திரிகை வருகிற வியாழக்கிழமை அவள் பீடி சுற்ற வேண்டாம், பேய்த் தொடரை வாசித்தால் போதும். ஆளுக்கு ஒரு கை பீடி அவள் தட்டில் விழுந்துவிடும். கூலி கொடுத்துப் பயப்படுகிற பெண்களை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஜமீன் வீட்டுப் பையன் கிணற்றில் தள்ளிக் கொன்ற வடிவு என்ற பெண், பேயாக வந்து பழிவாங்குகிற கதை அது. அவள் வரும் இடம் வந்தால் இலை வெட்டுகிற கத்தரிகள் அப்படியே நின்றுவிடும். ஒரு வாரம், கொலை செய்யப் போகிற வழியில், வடிவு தன் வீட்டுக்குள் நுழைந்தாள். பானையில் தண்ணீர் மொண்டு குடித்தாள். தூங்குகிற தாய்க்குச் சேலையை இழுத்துப் போர்த்திவிட்டுப் போனாள். மற்றவர்களுக்கு மயிர் சிலிர்த்தது. முருகம்மாளுக்கு மட்டும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அவள் மகள் கோமதித்தாய் மூன்று வருஷத்துக்கு முன்னால் மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். பன்னிரண்டு வயது. கல்யாணமாகாமல் செத்த பெண்ணைக் கன்னியாக வைத்துக் கும்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். புது ஓலைப்பெட்டியில் பட்டுப்பாவாடை, சட்டை, வளையல், கண்ணாடி வைத்துப் படைத்துவிட்டால் பிள்ளை வீட்டுத் தெய்வமாகிவிடும். புருஷன் சிவனாண்டி வருஷாவருஷம் கேட்டான். முருகம்மாள் அசையவில்லை. தெய்வமாகிவிட்டால் மகளாக வரமாட்டாளே என்பது அவள் கணக்கு. பைத்தியக்காரக் கணக்குதான், ஆனால் பெற்றவளிடம் போய் அதை யார் சொல்வது?

வடிவு தண்ணீர் குடித்த வாரத்திலிருந்து முருகம்மாள் பானையை மூடுவதை விட்டாள். பல்லி விழும் என்று சிவனாண்டி சத்தம் போட்டான். அப்போதும் அவள் மூடவில்லை. பிள்ளைக்கு இப்போது பதினைந்து, தாவணி போடுகிற வயது என்று மனசுக்குள் வளர்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி வாரம் வந்தது. மலையாளத்து மந்திரவாதி வடிவின் முடியைப் பிடித்து, புளியமரத்தோடு சேர்த்து ஆணி அடித்தான். ஆட்டம் ஒழிந்தது என்று கூட்டத்தில் இருந்த பேச்சி பெருமூச்சு விட்டாள். எல்லோரும் நிம்மதியாகக் கத்தரியை எடுத்தார்கள்.

"ஆணி அடிக்கையில அவ ஆத்தா எங்க போனா?" என்று முருகம்மாள் கேட்டாள்.

மைமூனம்மாள் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். "அவளப் பத்தி ஒண்ணும் எழுதலையே முருகம்மா."

"பிள்ளைய அலைய விட்டுட்டு இருந்தா, எவனாவது வந்து அடிக்கத்தான செய்வான்" என்றாள் முருகம்மாள்.

கதைதானே என்று மைமூனம்மாள் தேற்றினாள். அது முருகம்மாள் காதில் ஏறவில்லை. இலையைப் பாதியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் முதல் காரியமாகப் பானையை மூடினாள். கன்னிக்குப் படைக்கலாம் என்று புருஷனிடம் சொன்னாள். மூன்று வருஷமாகக் கேட்ட அவன் அன்றைக்கே ஓலைப்பெட்டி வாங்கக் கிளம்பினான்.

மறுநாள் முருகம்மாள் தேரடிப் பக்கத்து ஜவுளிக்கடையில் ஒரு நீலத் தாவணியைக் கையில் எடுத்து வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு அதை மடித்து வைத்துவிட்டு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை கேட்டாள்.

"கொஞ்சம் நீளமா எடுங்கம்மா, வளர்ற பிள்ள" என்றார் கடைக்காரர்.

"வளராது அண்ணாச்சி. அளவுக்கே குடுங்க."