செவ்வாய்க்கிழமைப் பத்திரிகை

என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, நான்கு வருஷம் வீட்டிலேயே தண்ணீர் டயாலிசிஸ் செய்தோம். வயிற்றில் ஒரு குழாய் வைத்துத் தைத்திருந்தார்கள். அதன் வழியாக இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து, பிறகு ஒரு பையில் இறக்க வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தடவை. கேட்பவர்களுக்கு இது பெரிய காரியமாகத் தெரியும். செய்பவர்களுக்கு மாவாட்டுவது மாதிரிதான். கையைக் கழுவு, மாட்டு, இறக்கு, எடை பார், கொட்டு, மறுபடியும் கையைக் கழுவு. சோப்பு பட்டுப் பட்டு என் விரல் நுனிகள் வெளுத்துப்போயின.

நாங்கள் இருப்பது சிரம்பானை அடுத்த லாபு பக்கம், பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில். அவர் அங்கே டிராக்டர் ஓட்டினார். நான் பள்ளிக்கூடக் கேண்டினில் சமைத்தேன். அவருக்கு முடியாமல் போனதும் இரண்டு பேரும் வீட்டோடு. கடைசி நாள் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு வந்தபோது அழுதேனா என்று ஞாபகம் இல்லை. அந்த நான்கு வருஷமும் நான் எதற்கும் அதிகமாக அழவில்லை. சொந்தக்காரர்கள் வருவார்கள். "ஒனக்கு ரொம்ப தைரியம்லா" என்பார்கள். காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். தைரியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மரத்துப்போயிருந்தேன், அவ்வளவுதான்.

இறக்கிய தண்ணீர் எப்போதும் தெளிவாக இருக்க வேண்டும். கலங்கியிருந்தால் வயிற்றுக்குள் கிருமி புகுந்துவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தெளிவா கலங்கலா என்று பார்க்கக் கிளினிக் தாதி ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார். பையைப் பத்திரிகை மேல் வைத்து, அடியில் இருக்கும் எழுத்தைப் படித்துப் பார்ப்பது. பொடி எழுத்தும் தெரிந்தால் நல்லது.

கிளினிக் வாசலில் பழக்கமான ஓர் அக்கா, சிரம்பானில் தன் மாமியாருக்கு இதே டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர், என் கைப்பேசியை வாங்கி வாட்ஸ்அப் புலனத்தில் ஒரு குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார். முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லாரும் என்னைப் போல வீட்டில் ஒருவருக்குப் பை மாற்றுகிறவர்கள். கோலா கிளாவாங்கில் ஒருவர், கோலா பிலாவில் இரண்டு மூன்று பேர், மற்றவர்கள் சிரம்பானைச் சுற்றி. தினமும் காலையில் முதல் பையை இறக்கியதும், அதைப் பத்திரிகை மேல் வைத்துப் படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும். மற்றவர்கள் பார்த்துவிட்டுக் கட்டைவிரல் போடுவார்கள். வேறு குழுக்களில் காலையானால் பிள்ளையாரும் ரோஜாப்பூவும் வரும். இங்கே மஞ்சள் தண்ணீர் வந்தது. முதல் வாரம் எனக்குக் குமட்டியது.

நான் போட்ட முதல் படத்தில், கையில் கிடைத்த பக்கத்தை விரித்து வைத்திருந்தேன். அது மரண அறிவிப்புப் பக்கம். தண்ணீர் நல்ல தெளிவு. யாரோ ஒரு தாத்தாவின் முகமும் கருமக்கிரியை நடக்கும் இடமும் துல்லியமாகத் தெரிந்தன. அக்கா உடனே எழுதினார்: "தங்கச்சி, அந்தப் பக்கம் மட்டும் வேணாலா. சினிமாப் பக்கத்த வைங்க." அன்றைக்குச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அந்தக் குழுவில் யாரும் என்னைத் தைரியசாலி என்று சொல்லவில்லை. எப்படியிருக்கிறார் என்றுகூட அதிகம் கேட்க மாட்டார்கள். மலச்சிக்கல் இருந்தால் தண்ணீர் சரியாக இறங்காது, பப்பாளி கொடுங்கள் என்பார்கள். அரிப்புக்கு எந்த எண்ணெய் என்பார்கள். ஒரு நாள் மத்தியானம் கோலா கிளாவாங்காரி எழுதியிருந்தாள்: "இன்னிக்கி அவர ஓங்கி ஒன்னு வெச்சிடலாம்னு இருந்துச்சி." அதற்குக் கீழே பதினோரு கட்டைவிரல். ஒருவர்கூட புத்தி சொல்லவில்லை. நான் அதை நின்றபடியே படித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு மத்தியானப் பையை மாற்றப் போனேன். எனக்குக் கிடைத்த ஆதரவு அந்த மாதிரிதான் இருந்தது. அது போதுமானதாகவும் இருந்தது.

நான்காவது வருஷம் அவருக்கு இரண்டு முறை கிருமி தாக்கியது. இரண்டு முறையும் ஆஸ்பத்திரியில் கிடந்து தேறி வந்தார். இன்னொரு முறை வந்தால் குழாயை எடுத்துவிடுவோம், பிறகு வாரத்துக்கு மூன்று நாள் சிரம்பானுக்கு வந்து இரத்த டயாலிசிஸ்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவருடைய அண்ணன், இரத்தத்தைச் சுத்தம் செய்யும் அந்த மெஷின் நாற்காலியில் இரண்டு வருஷம் இருந்து செத்தவர். ஒவ்வொரு தடவையும் பிழிந்த துணி மாதிரி வீடு திரும்புவதை இவர் பார்த்திருக்கிறார். "அந்த நாக்காலியில ஒக்கார மாட்டேன். செத்தாலும் பரவால்ல," என்றார். இன்னும் கொஞ்சம் சோறு வேண்டாம் என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னார்.

ஒரு வியாழக்கிழமை காலையில் பை கலங்கி இறங்கியது. அரிசி களைந்த தண்ணீர் போல இருந்தது. பத்திரிகை மேல் வைத்தேன். கொட்டை எழுத்துத் தலைப்பு மங்கலாகத் தெரிந்தது, மற்றது ஒன்றும் தெரியவில்லை. அவரும் கட்டிலில் இருந்தபடி பார்த்துவிட்டார்.

"பாக்காத. கொண்டுபோயி கொட்டிடு," என்றார்.

"கலங்கிருக்குங்க."

"ஒரு நாளு பாப்போம். நாளைக்கித் தெளிஞ்சிடும். யாருகிட்டயும் சொல்லாத." என் மணிக்கட்டைப் பிடித்தார். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அவர் என்னிடம் கெஞ்சியது அன்றைக்குத்தான். அவர் கை சுட்டது.

நான் கொண்டுபோய்க் கழிவறையில் கொட்டினேன். திரும்பி வந்தபோது குழுவில் படங்கள் வந்துகொண்டிருந்தன. நான் போடாவிட்டால் யாராவது கேட்பார்கள். கைப்பேசியில் பழைய படங்கள் இருந்தன. செவ்வாய்க்கிழமை எடுத்ததைத் தேடி எடுத்துப் போட்டேன். ஒவ்வொன்றாகக் கட்டைவிரல் வந்தது. பிறகு கஞ்சி வைத்தேன், துணி காயப்போட்டேன். எல்லாம் எப்போதும் போலத்தான் செய்தேன். இப்போது நினைத்தால் எனக்குப் பயமாக இருப்பது அதுதான்.

துணியைக் காயப்போட்டு முடிக்கவில்லை, போன் அடித்தது. குழுவில் இருந்த கோலா பிலா அண்ணன். அதுவரை அவர் குரலை நான் கேட்டதில்லை. அவருடைய மனைவி இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவரும் குழுவை விட்டுப் போகவில்லை, அக்காவும் அவரை நீக்கவில்லை. பை மாற்ற ஆளில்லாத மனுஷர், தினமும் காலையில் எல்லாருக்கும் முதல் ஆளாகக் கட்டைவிரல் போடுவார். வேலை வெட்டி இல்லாதவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"தங்கச்சி, இன்னிக்கி என்னா கெழம?" என்று கேட்டார்.

"வியாழன்."

"நீங்க போட்டது செவ்வாக்கெழம பேப்பரு. ஒருத்தரு ஹேம்பர் கூடை குடுக்குற படம் இருக்கு பாருங்க, அத நா அன்னிக்கே படிச்சிட்டேன்."

"பழைய பேப்பரு மேல வெச்சிட்டேண்ணே."

"பை மூலையில காத்துக் குமிழி. அதுவும் அதே எடத்துல இருக்குதே."

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் கையிலிருந்த ஈரத்துணியை வாளியிலேயே திருப்பிப் போட்டுவிட்டு நின்றேன்.

"கலங்கிருக்கா?"

"ஆமாண்ணே."

"காய்ச்ச?"

"கையி சுடுது."

"சரி. அடுத்த பைய எறக்குனா கொட்டாதீங்க, டாக்டருக்கு வேணும். சிரம்பான் அக்காவுக்குப் போன் அடிச்சிட்டேன், காடி எடுத்துக்கிட்டு வர்றாங்க. வீட்டுக்காரரு கத்துவாரு. கத்தட்டும்."

கத்தினார். அக்காவின் காடி வாசலில் வந்து நின்றதும், "நீதான் சொன்னியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அது உண்மைகூட இல்லை. சிரம்பான் போய்ச் சேரும் வரைக்கும் அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். அக்கா மட்டும் சாலையில் முன்னால் போன செம்பனை லாரியைத் திட்டிக்கொண்டே ஓட்டினார்.

இரண்டாவது நாள் குழாயை எடுத்துவிட்டார்கள். மூன்று வாரம் வார்டில் இருந்தார். இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். நான் தலையாட்டினேன். அதை நான் என் கணவரிடம் சொல்லவில்லை. சொன்னாலும் அவர் எனக்கு நன்றி சொல்லப்போவதில்லை. அவர் உட்காரவே மாட்டேன் என்ற நாற்காலியில் வாரத்துக்கு மூன்று நாள் உட்கார ஆரம்பித்தார். ஏறத்தாழ இரண்டு மாசம், தண்ணீர் கேட்பதற்குத் தவிர என்னிடம் வாய் திறக்கவில்லை. பிறகு திட்ட ஆரம்பித்தார். அது எவ்வளவோ தேவலை.

அவர் உள்ளே மெஷினில் இருக்கும் நான்கு மணி நேரமும் நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பேன். கையில் வேலை இல்லை. அக்கா என்னையும் குழுவிலிருந்து நீக்கவில்லை. காலைப் படங்கள் வரும், பார்ப்பேன். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள் கோலா பிலா அண்ணனுக்குப் போன் அடித்தேன். நன்றி சொல்லத்தான் அடித்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க? முப்பது பேரு பாத்தாங்க. யாருக்கும் தெரியலயே."

"எங்க வீட்டுக்காரிக்கும் கலங்குச்சி," என்றார். "ஆஸ்பித்திரி வேணாம்னு அழுதா. நா பழைய படத்தப் போட்டேன். எல்லாரும் கட்ட வெரலு போட்டாங்க. அடுத்த நாளும் போட்டேன். மூணாவது நாளும் போட்டேன். நாலாவது நாளு அவ இல்ல." எங்கோ கடைக்குப் போய் வந்த கதையைச் சொல்வது போலச் சொன்னார். "அதுக்கப்பறந்தான் ஒவ்வொருத்தரு படத்தையும் ஒரு எழுத்து விடாம படிக்கிறேன்."

உள்ளே ஏதோ மெஷின் கூவியது. தாதி ஒருவர் வேகமாகப் போனார். எங்களுடையதாக இருக்குமோ என்று எழுந்து பார்த்தேன், இல்லை. மறுபடியும் உட்கார்ந்தேன். அண்ணன் இன்னும் போனை வைக்கவில்லை. யாரிடமும் சொல்லக்கூடாது என்று நான் வைத்திருந்ததை அவரிடம் சொன்னேன்.

"அண்ணே, அவரு கெஞ்சுனதால மட்டும் நா அந்தப் படத்தப் போடல. பைய பாத்தப்ப, முடிஞ்சா முடிஞ்சி போவட்டும்னு இருந்துச்சி எனக்கு."

அந்தப் பக்கம் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவது கேட்டது.

"எனக்கும் அப்படித்தான் தங்கச்சி இருந்துச்சி," என்றார்.