ஜாமீன் கையெழுத்து

ஷெஃபீல்டில் டிராம் தண்டவாளத்தை அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். தீப்பொறியைத் தாண்டிப் போய்விடலாம். அந்த வாசனைதான் ஆளைப் பிடித்து நிறுத்துகிறது. சுட்ட இரும்பு, கருகிய எண்ணெய். கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் ஷிப்ட் முடிந்து வரும் என் நைனாவின் சட்டை.

இங்கே என்னோடு வேலை பார்க்கும் கிளேர், படிப்புக் கடனைப் பற்றி மழையைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவாள். சம்பளத்தில் பிடிப்பார்கள், சம்பளம் குறைந்தால் பிடிக்கமாட்டார்கள். "உன் கடன் முடிந்ததா?" என்றாள் ஒருநாள். "எங்கள் கடன் முடிந்தது" என்றேன். "மனைவியும் சேர்ந்து வாங்கினாளா?" என்றாள். சிரித்து மழுப்பினேன். கன்னியப்பன் மாமாவை அவளுக்கு எப்படிச் சொல்வது?

மாமா உறவில்லை, மில்லில் நைனாவுக்குப் பக்கத்து மெஷின். இரண்டாயிரத்து மூன்றில் நான் எம்.எஸ்ஸி. படிக்கக் கிளம்பியபோது பேங்க் கொடுத்தது போதவில்லை. மீதிக்கு நைனா தொழிலாளர் சொசைட்டியில் கடன் கேட்டார். கூட வேலை செய்பவர் ஜாமீன் போடவேண்டும். "பையன் சீமைக்குப் போறான், நான் போடாம வேற எவன் போடுவான்?" என்று மாமா பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். ஜாமீன் போட்டவர் அந்தக் கடன் அடையும்வரை தனக்கென்று கடன் வாங்க முடியாது. அது அவருக்குத் தெரியும், நைனாவுக்கும் தெரியும். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான்கு வருடம் கழித்து, கடனை அடைத்த கையோடு ஊருக்குப் போனேன். இனிப்புப் பெட்டியோடு மாமா வீட்டில் நுழைந்தால், அவர் மகள் ரேவதி கம்பெனி யூனிபார்மில் நிற்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் இன்ஜினியரிங் சீட் கிடைத்ததாம். பேங்கில் அலையவிட்டிருக்கிறார்கள், சொசைட்டியில் கையை விரித்துவிட்டார்கள். மாமா நைனாவிடம்கூட மூச்சு விடவில்லை.

"அது முடிஞ்சி போச்சி, உடுப்பா. ஸ்வீட்டு இன்னாத்துக்கு? எனக்கு சுகர் கீது" என்றார்.

புதுவாயல் பஸ் நிறுத்தம்வரை ரேவதியோடு நடந்தேன்.

"இப்பவாவது படி. நான் கட்டறேன்."

"சின்னப் பசங்களோட பெஞ்சில போய்க் குந்தச் சொல்றியாண்ணா?" சிரித்தாள். சிரித்த முகத்தை உடனே ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கம்பெனி பஸ் வந்தது. அவள் ஏறினாள், நான் நின்றேன். இன்றைக்கும் ஷெஃபீல்டில் டிராமுக்குக் காத்திருந்தால் அந்த பஸ்தான் வந்து நிற்கிறது, ஏற மனம் வருவதில்லை. அன்று பஸ் கிளம்பும்போது ரேவதி ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தினாள்:

"அடுத்த வருசம் தம்பிக்கு காலேஜுண்ணா! யாரு கேட்டாலும் எங்கப்பா ஜாமீன் போடமாட்டாரு, சொல்லிட்டேன்!"