தேவராஜின் தம்பி பாடிய ரெக்கார்டு

கவிதா, மோகன், பேய் பிசாசு என்றாலே அப்பாவுக்குச் சிரிப்புதான் வரும் என்று உங்களுக்குத் தெரியும். பூட்டிக் கிடந்த எத்தனையோ வீடுகளில் தனியாகப் போய் ஒயரிங் பார்த்திருக்கிறேன், எலியைத் தவிர எதையும் கண்டதில்லை. ஆனாலும் இதை எழுதுகிறேன். மோகன் படித்துவிட்டு, தனியாக இருந்து அப்பாவுக்கு மண்டை குழம்பிவிட்டது என்பான். சொல்லட்டும்.

அம்மா இறந்து, நீங்களும் ஹாஸ்டலுக்குப் போனபின் மர்பி டவுன் வீட்டில் நானும் என் ரெக்கார்டுகளும்தான். பக்கத்துக்கு ஒரே பாட்டு இருக்கும் சின்னத் தட்டுகள், அந்தக் காலத்துப் பையன்கள் கார் ஷெட்டில் கித்தாரும் டிரம்ஸும் அடித்துக் கத்திய இங்கிலீஷ் பாட்டுகள். மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும், எழுந்து திருப்பிப் போட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அப்படியே ஓடிவிடும்.

பழைய சாமான் சந்தையில் ஒன்று கிடைத்தது. நடுவில் பேனாவால் தேவராஜ், நீலசந்திரா என்று ஏரியாப் பெயரோடு எழுதியிருந்தது. பார்ட்டிக்கு எடுத்துப் போனால் மாறிவிடக் கூடாதென்று அப்போது அப்படி எழுதுவார்கள். வீட்டில் போட்டுப் பார்த்தேன். தேய்ந்து போயிருந்தது, எண்ணெய் பொரிகிற மாதிரி இரைச்சல்தான், ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. ஆள் இருந்தால் திருப்பிக் கொடுப்போம், அவரிடம் வேறு தட்டுகளும் இருக்கலாம், சேர்ந்து உட்கார்ந்து கேட்கலாம் என்ற ஆசையில் மறு ஞாயிறு காலை பிளேயர் பெட்டியையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அங்கே விசாரித்துப் போனதில் தேவராஜ் ஐயா இருந்தார். எழுபத்தைந்து தாண்டியவர், ஒற்றை அறை, தனி ஆள். தட்டை வாங்கி, சட்டையில் துடைத்து, நடுவிலிருந்த தன் பெயரை விரலால் தடவினார்.

"என் தம்பி பாடுனதுப்பா இது. போட்டியில ஜெயிச்சதுக்குப் போட்டுக் குடுத்தாங்க. அடுத்த வருஷமே காய்ச்சல்ல பூட்டான். அவன் குரல் வேற எதுலயும் இல்ல. போடு, கேக்கலாம்."

"ரொம்பத் தேஞ்சிருக்குங்க ஐயா."

"பொட்டியைத் தூக்கினு வந்துட்டு காரணம் சொல்றியே. உள்ள பேட்டரி கீதா இல்லியா, சும்னே ஷோவுக்கா?"

போட்டேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நம்பினால் நம்புங்கள், கித்தார் வந்தது, பிறகு ஒரு பையனின் குரல், பக்கத்தில் நின்று பாடுகிற மாதிரி அத்தனை தெளிவாக, கடைசியில் ஒரு இருமலோடு முடிந்தது.

"இந்த இருமலுக்குத்தான் அவனை அன்னிக்கு அப்படித் திட்னேன்" என்று ஐயா சிரித்தார், கண்ணெல்லாம் தண்ணீர். "இன்னொரு தபா போடுப்பா."

பிளேயரின் கையைத் தூக்கினேன். அதன் நுனியில் ஊசி இல்லை. பஸ் குலுக்கலில் உடையக் கூடாதென்று வீட்டிலேயே கழற்றித் தீப்பெட்டியில் போட்டிருந்தேன், அது என் சட்டைப் பையில் இருந்தது. திரும்ப மாட்ட மறந்திருக்கிறேன்.

ஊசியை மாட்டினால் என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியும். ஐயா தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அப்படியே, ஊசி இல்லாமலே, பிளேயரின் கையைத் தட்டில் இறக்கினேன். மறுபடியும் பாடினான். நாலு தடவை பாடினான்.

பிளேயரை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். வீட்டிலிருந்த இன்னொரு பிளேயரில் ஊசியைக் கழற்றிவிட்டு என் தட்டுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். தட்டே வைக்காமலும் சுற்றவிட்டேன். எதற்கு என்று கேட்காதீர்கள். உங்கள் அம்மாவின் குரலும் நம் வீட்டில் எதிலும் இல்லை. சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன், மோட்டார் சுற்றுகிற சத்தம்தான்.

ஐயா ஞாயிறுதோறும் போன் செய்கிறார். கொஞ்ச நாளாக ஒன்றையே சொல்கிறார். "தம்பி குரல் கம்மியாயினே போவுதுப்பா. ஊசி தேஞ்சிச்சு போல. வரும்போது வேற ஒண்ணு எடுத்துனு வா."

சரிங்க ஐயா என்கிறேன். மூன்று வாரமாகப் போகவில்லை. அந்தப் பெட்டியில் தேய்வதற்கு ஊசியே கிடையாது என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.